வேலியோரம் நிற்கும் பெண்

1

எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தொலைவில் இருக்கும் நூலகத்தின் வாசலைத் தாண்டியதும் இடப்புறம் ஒரு நீளமான சுவர் வரும். மாதம் ஒரு கண்காட்சி அதில் மாறும். ஒரு மாதம் பள்ளிப் பிள்ளைகளின் ஓவியங்கள், ஒரு மாதம் யாரோ அலாஸ்காவுக்குப் போய் எடுத்துவந்த கரடிப் படங்கள். அமெரிக்காவில் இந்த வெஸ்ட் வின்ட்சருக்கு வந்து இருபத்து மூன்று வருடம் ஆகிறது. அந்தச் சுவர் முன்னால் நான் ஒருநாளும் நின்றதில்லை. புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பேன், அடுத்து எந்தக் கடைக்குப் போக வேண்டும் என்று யோசித்துக்கொண்டே வெளியே வந்துவிடுவேன்.

போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை என்னை அங்கே நிறுத்தியவள் என் மகள் ஷெரின். கல்லூரியில் நாலு நாள் விடுமுறை என்று வீட்டுக்கு வந்திருந்தாள். நான் தமிழில் பேசினால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இருபத்தொரு வருடமாக எங்கள் உரையாடல் இப்படித்தான் ஓடுகிறது. "அம்மா, கம் ஹியர். திஸ் ஒன் இஸ் ரியலி குட்" என்றாள்.

இந்தப் பக்கத்துப் பழைய பண்ணைகளின் படங்களை உள்ளூர் வரலாற்றில் ஆர்வமுள்ள சிலர் சேகரித்து மாட்டியிருந்தார்கள். பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. குதிரை பூட்டிய வண்டி, பால் பாத்திரங்கள், தொப்பி வைத்த முறைப்பான மனிதர்கள். ஷெரின் காட்டியது வண்ணப்படம். ஆனால் வண்ணமெல்லாம் வெளுத்து துருவின் நிறம் மட்டுமே அதில் மிச்சமிருந்தது.

கீழே இடது மூலையிலிருந்து ஒரு மரவேலி புறப்பட்டு, சற்றே வளைந்து, படத்தின் உள்ளே போகிறது. வலப்பக்கம் மேலே பெரிய களஞ்சியக் கொட்டகை. அதன் கதவு திறந்து, உள்ளே இருட்டு. இடப்பக்கம் ஒரே ஒரு மேப்பிள் மரம், பாதி இலை உதிர்ந்து நிற்கிறது. அதன் அடியில் பரங்கிக்காய்கள் குவியலாகக் கிடக்கின்றன. வானம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இல்லை. வேலி முடிந்து கொட்டகை தொடங்குவதற்கு முன்னால் உள்ள வெட்டவெளியில், கட்டைவிரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு பெண் நிற்கிறாள். நீளமான பாவாடை போல ஏதோ ஒன்று, மேலே தொளதொளவென்று ஒரு கோட்டு, தலையில் கம்பளித் துணி. முகத்தை நம் பக்கமிருந்து திருப்பிக்கொண்டிருக்கிறாள். ஒரு கை மட்டும் இந்தப் பக்கம் லேசாக உயர்ந்திருக்கிறது.

கீழே அட்டையில் இப்படி எழுதியிருந்தார்கள்: 'இலையுதிர்காலத்தில் ஒரு பண்ணை. வேலியோரம் நிற்பவர் பெயர் தெரியாத பண்ணைப் பெண்மணி. எடுத்தவர் தெரியவில்லை. அநேகமாக எழுபதுகள்.'

அட்டையை இன்னொரு தரம் படித்தேன்.

"ஷெரின், இது நான் எடுத்த படம்" என்றேன்.

"வாட்?"

"அங்க நிக்கிறது எங்கம்மா. உன் ஆச்சி."

2

என் அம்மா பிரகாசி, தூத்துக்குடி தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் ஆபரேட்டராக இருந்தவள். மூன்று மூன்று நிமிடமாக அளந்து பேசிய ட்ரங்க் கால் காலத்தில் ஊரின் கல்யாணச் செய்தியும் சாவுச் செய்தியும் அவள் காது வழியாகத்தான் போயின. மக்கள் தாங்களே எண்களைச் சுழற்றிப் பேசத் தொடங்கியதும் வேலை குறைந்துபோய், விருப்ப ஓய்வில் வெளியே வந்தாள். அப்பா இறந்து மூன்றாம் வருடம் என் பிரசவத்துக்காக இங்கே வந்தாள். அப்போது அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது. நினைத்துப் பார்த்தால் இன்றைய என்னைவிட மூன்றே வயது பெரியவள்.

கடவுச்சீட்டில் அம்மாவுக்கு இருந்தது ஒரே பெயர். இந்த நாட்டுப் படிவங்களுக்கு இரண்டு பெயர் வேண்டும். ஒன்றுதான் இருக்கிறதென்றால் அதைக் குடும்பப்பெயர் கட்டத்தில் போட்டுவிட்டு, முதற்பெயர் கட்டத்தில் எஃப்.என்.யூ என்று மூன்று எழுத்தை அச்சடித்துவிடுவார்கள். முதற்பெயர் தெரியாது என்று அர்த்தம். விசாவில் அப்படி, மருத்துவக் காப்பீட்டு அட்டையிலும் அப்படி. மருந்துக்கடையில் ஒரு பெண் "மிஸஸ் ஃப்னூ" என்று கூப்பிட்டபோது அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏட்டி ஜெசி, எனக்கு இங்க புதுசா ஞானஸ்நானம் குடுத்திருக்காங்கட்டி."

முதல் இரண்டு வாரம் இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தாள். மரங்கள் நிறம் மாறத் தொடங்கியதைப் பார்த்து, "என்னட்டி, மரத்துக்கெல்லாம் மஞ்சக்காமாலையா?" என்று கேட்டாள். நாளாக ஆகச் சிரிப்பு குறைந்தது. நானும் என் கணவர் அமலும் காலை ஏழு மணிக்கு முன்பே வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுவோம். பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் ஏறி, நெவார்க்கில் மாறி, ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கிக் கட்டடத்தில் ஒப்பந்த வேலை. திரும்பும்போது ஏழு, ஏழரை. அதுவரை அம்மா அந்த அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில் தனியாக இருப்பாள். பேச ஆளில்லை. பகல் முழுக்க வெளியே ஒரு மனிதர் நடந்துபோவதுகூடக் கண்ணில் படாது.

ஒரு வியாழக்கிழமை அலுவலகத்தில் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது எனக்கு அழைப்பு வந்தது. பேசியவர் ஒரு போலீஸ்காரர். உங்கள் அம்மா சாலை ஓரமாகத் தனியாக நடந்துகொண்டிருந்தார், கையில் அடையாள அட்டை எதுவும் இல்லை, பத்திரமாக வீட்டில் கொண்டுவந்து விட்டிருக்கிறோம் என்றார். மரியாதையாகத்தான் பேசினார். ஏழு மாத வயிற்றோடு இரண்டு ரயில் மாறி நான் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அம்மா சோபாவில் குற்றவாளி போல உட்கார்ந்திருந்தாள்.

"நடக்கத்தானட்டி போனேன். நா என்ன பச்சப்புள்ளையா?"

"எம்மா, இந்த ரோட்டுல நடக்க இடமே கிடையாது. கார் எல்லாம் என்ன ஸ்பீடுல வருதுன்னு பாத்தியா? நீ விழுந்து கால ஒடச்சிக்கிட்டா இந்த விசிட்டர் இன்சூரன்ஸ் ஒண்ணும் கவர் பண்ணாது. நான் ஆபீஸ்லருந்து வந்து சேர ரெண்டு மணி நேரம் ஆகுது. இனிமே நாங்க இல்லாதப்போ நீ வாசலத் தாண்டக் கூடாது. தாண்ட மாட்டேன்னு சொல்லு."

அம்மா என்னை ஒருமுறை பார்த்தாள். "சரிட்டி" என்றாள்.

ஊர் முழுக்கப் பேசவைத்தவளை நான் ஒரு வீட்டுக்குள் பேசாமல் உட்காரவைத்தேன். அன்று எனக்கு அது தெரியவில்லை. பயம் மட்டும்தான் இருந்தது. பயந்தவர்கள் அன்பாகத்தான் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே அதட்டுவார்கள்.

3

அந்தச் சமயத்தில் பக்கத்துப் பள்ளியொன்றில் பெரியவர்களுக்கான புகைப்பட வகுப்பில் சேர்ந்திருந்தேன். சனிக்கிழமைதோறும் காலை இரண்டு மணி நேரம். குழந்தை பிறந்தால் படம் எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று தொடங்கியது, பிறகு பைத்தியமாகிவிட்டது. பழைய ஃபிலிம் கேமரா ஒன்றும் முக்காலியும் வாங்கியிருந்தேன். அந்த வாரம் எங்களுக்கு வீட்டுப்பாடம் இதுதான்: இலையுதிர்காலம், ஒரே ஒரு படம்.

போலீஸ் வந்ததற்கு மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். வீட்டிலிருந்து ஒரு மைல் தாண்டியதும் சாலை திரும்பும் இடத்தில் அந்தப் பண்ணை வந்தது. வேலி, கொட்டகை, மரம் எல்லாம் யாரோ எனக்காக அடுக்கிவைத்தது போல இருந்தன. காரை ஓரங்கட்டினேன். குளிர் அதிகம். மெரூன் நிறச் சேலைக்கு மேல் அமலின் பழுப்புக் கோட்டைப் போட்டு, என் கம்பளித் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு அம்மா இறங்கினாள். கால்களில் வெள்ளைக் காலுறையும் செருப்பும். என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் வேலியை ஒட்டி நடந்து போய்விட்டாள்.

நான் முக்காலியை நிறுத்தினேன். வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி படத்தை மனசுக்குள் மூன்று மூன்றாகப் பிரித்தேன். கொட்டகை வலது கோட்டில், மரம் இடது கோட்டில், வேலி கண்ணை உள்ளே அழைத்துப் போகிற பாதை. எல்லாம் அமைந்துவிட்டது. ஆனால் நடுவில் அம்மா.

"எம்மா! கொஞ்சம் தள்ளி நில்லு! படத்துல விழுற!"

அம்மா நகரவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கை மட்டும் என் பக்கம் ஒருமுறை உயர்ந்தது. போடி என்கிறாள் என்று நினைத்தேன். எனக்குக் கோபம். மேகம் சூரியனை மறைக்கப் போகிறது, ஃபிலிமில் கடைசி இரண்டு படம்தான் பாக்கி. சரி போகட்டும் என்று அழுத்திவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் பண்ணைக்காரம்மா வேலியோரமாக நடந்து என்னிடம் வந்தார். மார்த்தா என்று பெயர். எழுபதை ஒட்டிய வயது, ரப்பர் பூட்ஸ். அவர் நிலத்தைக் கேட்காமல் படமெடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவருக்குக் காது மந்தம் என்பதால் இரண்டுதரம் கேட்டேன். அவர் சிரித்து, தாராளமாக எடுத்துக்கொள் என்றார்.

அடுத்த சனிக்கிழமை ஆசிரியர் எல்லோருடைய படங்களையும் மேசையில் பரப்பினார். என் படத்தின் வலது கீழ் மூலையில் ஒரு கறுப்புத் தீற்றல் இருந்தது. என் காரின் பக்கவாட்டுக் கண்ணாடி. அதை மட்டும் குற்றம் சொன்னார். அம்மா நின்ற இடத்தைக் காட்டி, "இவரை இங்கே நிறுத்தியது நீதானா?" என்று கேட்டார். இல்லை, நகரச் சொன்னேன், நகரவில்லை என்றேன். அவர் தன் கட்டைவிரலால் அம்மாவை மறைத்தார். "இப்போது பார்." பார்த்தேன். வேலி வழியாகப் போன கண் இருட்டுக் கதவில் முட்டி நின்றுவிட்டது. விரலை எடுத்தார். "இப்போது?" கண் அம்மாவிடம் போய் நின்றது, நகர மாட்டேன் என்றது.

ஆனாலும் எனக்கு அந்தப் படம் பிடிக்கவில்லை. பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்ட அம்மாதான் தெரிந்தாள். பெரிதாக அச்சிட்ட அந்த ஒரே பிரதியை மார்த்தாவிடமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். டிசம்பரில் ஷெரின் பிறந்தாள். அதன்பிறகு வகுப்புக்குப் போக நேரமில்லை. கேமராவை யாருக்கோ கொடுத்தேன். இரண்டு முறை வீடு மாறியதில் நெகட்டிவ்கள் எங்கே போயின என்றே தெரியாது.

4

ஆறு மாதம் முடிந்து மார்ச்சில் அம்மா ஊருக்குப் போனாள். ஷெரினின் முதல் நற்கருணைக்கு மறுபடி அழைத்தோம், விசா கிடைக்கவில்லை. இரண்டு நிமிட நேர்காணல், ஒரு வெள்ளைக் காகிதம். அதற்கடுத்த முறை அவளே வேண்டாம் என்றாள். நாங்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போய் மூன்று வாரம் இருந்துவிட்டு வந்தோம். அங்கே யாராவது "அமெரிக்கா எப்பிடி இருந்துச்சு?" என்று கேட்டால், "நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவாள். அந்த 'தான்' என்னை ஒவ்வொரு முறையும் குத்தும்.

நாலு வருடத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டாள். அடக்கம் முடிந்த அன்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது என் தம்பி சகாயம், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், அழுதுகொண்டே எல்லோர் முன்னாலும் சொன்னான்: "நீ என்னக்கா அழுத? ஒரே ஒரு தடவ ஒங்கிட்ட வந்தா. ஆறு மாசம் வீட்டுக்குள்ள அடச்சுல்ல வச்சிருந்த."

அதற்குப் பிறகு நாங்கள் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் பேசிக்கொள்வதோடு சரி. அவன் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

5

அந்தச் சனிக்கிழமை நூலகக் கண்காட்சிக்குப் பொறுப்பாக ஒரு தன்னார்வலர் இருந்தார். ஹெலன். கழுத்தில் கண்ணாடி தொங்கும் வயதான பெண்மணி. நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு, என் மனம் நோகாதபடி, "நெகட்டிவ் ஏதாவது இருக்கிறதா?" என்றார்.

இல்லை.

"வேறு பிரதி?"

இல்லை.

"நீங்கள் சொல்வதை நம்பவில்லை என்றில்லை. ஆனால் இது எழுபதுகளில் எடுத்த படம். அப்போது நீங்கள்…"

அப்போது நான் ஒன்றாம் வகுப்புகூடப் போயிருக்கவில்லை. அதற்குள் ஷெரின் படத்துக்கு அருகே போனாள். அலைபேசியில் அதைப் படம் பிடித்து, விரல்களால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எக்ஸ்கியூஸ் மீ. கொட்டகைக்குப் பின்னால் வீட்டுக்கூரை கொஞ்சம் தெரிகிறது பாருங்கள். அதன் ஓரத்தில் வட்டமாக ஒன்று. அது டிஷ் ஆன்டெனா இல்லையா? எழுபதுகளில் வீட்டுக்கூரையில் டிஷ் இருந்ததா?"

ஹெலன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"மூலையில் கறுப்பாக இருக்கிறதே, இது என் காரின் கண்ணாடி" என்றேன். "அவர் கட்டியிருப்பது பாவாடை இல்லை. முன்னால் மடிப்பு மடிப்பாக விசிறி மாதிரி பிரிகிறது பாருங்கள். சேலைக் கொசுவம். காற்று அடித்ததால் பிரிந்திருக்கிறது. காலில் பூட்ஸ் இல்லை, வெள்ளைக் காலுறையும் செருப்பும். இந்த ஊர்ப் பண்ணைக்காரி யாராவது அந்தக் குளிரில் செருப்புப் போடுவாளா?"

ஹெலன் வெகுநேரம் குனிந்து பார்த்தார். "நான் இந்தப் படத்தைத் தினமும் பார்க்கிறேன்" என்றார் மெதுவாக. "எனக்குப் பாவாடைதான் தெரிந்தது." பிறகு ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். படத்தில் இருப்பவரின் முதற்பெயர், குடும்பப்பெயர், பண்ணையோடு உறவு. பேனாவைப் பிடித்துக்கொண்டு நான் தயங்கினேன். முதற்பெயர் என்ற இடத்தில் பிரகாசி என்று எழுதினேன். குடும்பப்பெயர் கட்டத்தில் கோடு போட்டேன். உறவு என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஒருநாள் காலை பத்து நிமிடம் அங்கே நின்றாள், அவ்வளவுதானே. காலியாக விட்டேன்.

படத்தைக் கொடுத்தது மார்த்தாவின் மகள்தான் என்றார் ஹெலன். மார்த்தா இறந்த பிறகு பண்ணையை விற்று, சாமான்களைப் பெட்டிகளில் போட்டு எடுத்துவந்து கொடுத்தாராம்; படங்களைப் பற்றி ஒவ்வொன்றாக யாரும் அவரிடம் விசாரிக்கவில்லையாம். "ஆற்றுக்கு அந்தப் பக்கம் பென்சில்வேனியாவில் இருக்கிறார். அவரிடம் கேட்கிறேன்."

மறுநாள் மாலையே என் தொலைபேசி அடித்தது. ஒரு பெண்குரல், எடுத்த எடுப்பில், "நீ ஜெசியா? பிரகாசியின் மகள் ஜெசியா?" என்றது.

அம்மாவின் பெயரை நான் படிவத்தில் எழுதியிருந்தேன். ஆனால் ஜெசி என்ற வீட்டுப்பெயரை எங்கேயும் எழுதவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை.

6

ஜூடி அடுத்த சனிக்கிழமை காரை ஓட்டிக்கொண்டு நூலகத்துக்கே வந்துவிட்டார். அறுபது வயதிருக்கும். தானும் இதைக் கேட்க வேண்டும் என்று ஷெரினும் கல்லூரியிலிருந்து மறுபடி வந்திருந்தாள். படத்தின் முன்னால் நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம்.

"எங்கள் அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது. யார் பேசினாலும் 'என்ன, என்ன' என்பாள். உன் அம்மா பேசினால் மட்டும் ஒவ்வொரு எழுத்தும் கேட்கும் என்பாள். டெலிபோன் ஆபரேட்டராமே? குரல் அப்படி. அவளுடைய ஆங்கிலம் முழுக்க டெலிபோன் ஆங்கிலம். வீட்டுக்குள் வரும்போது 'கனெக்டட்' என்பாள். கிளம்பும்போது 'த்ரீ மினிட்ஸ் ஓவர்' என்பாள்."

"எந்த வீட்டுக்குள்?" என்றேன்.

ஜூடி என்னைப் பார்த்தார். "உனக்குத் தெரியாதா?"

எனக்கு ஒன்றும் தெரியாது.

அந்த அக்டோபரிலிருந்து என் பிரசவம் வரை, புதன்கிழமைதோறும் அம்மா அங்கே போயிருக்கிறாள். நாங்கள் ரயிலுக்குக் கிளம்பியதும், முதல் நாளே மார்த்தா எழுதிக்கொடுத்த எண்ணுக்குப் போன் செய்து, "லைன் கிளியர்" என்பாளாம். உள்ளூர் அழைப்புகள் மாதக் கட்டணத் தாளில் தனியாக வராது. அது அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? இருபது நிமிடம் அந்தச் சாலையோரம் நடந்து போவாள். மார்த்தா சாலையோரத்தில் ஆப்பிளும் பரங்கியும் விற்கும் ஒரு சின்னப் பந்தல் போட்டிருந்தார். அம்மா அதில் உட்கார்ந்து ஆப்பிள்களைத் தரம் பிரித்துக் கொடுப்பாள். காரில் வருகிறவர்களோடு பேசுவாள்.

இருபத்திரண்டு வருடம் கழித்து இதைக் கேட்டபோது என் வாயில் முதலில் வந்தது என்ன தெரியுமா? "டூரிஸ்ட் விசாவில் வேலை பார்த்தாளா!" ஷெரின் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஜூடி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். "வேலை என்று யார் சொன்னது? அவள் பிரித்ததைவிடத் தின்றதுதான் அதிகம்."

போகும்போது ஒரு பரங்கியைக் கையில் கொடுத்து அனுப்புவார்களாம். அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் ஓயாமல் பரங்கிக்காய்ப் புளிக்குழம்பு வைத்தாள். ஐசலினில் இருக்கும் இந்தியக் கடையிலிருந்து அமல் வாங்கிவந்தது என்று நான் நினைத்தேன். நான் வாங்கியது என்று அமல் நினைத்திருக்கிறார். இருவரும் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவினோம். ஒருவரும் கேட்கவில்லை.

"பிப்ரவரியில் நீ மறுபடி வேலைக்குப் போனாய் இல்லையா? அப்போது கடும் குளிர், அவள் கையில் குழந்தை. அதனால் நானே காரில் போய் அழைத்துவருவேன். பயப்படாதே, என் பிள்ளையின் கார் சீட் இருந்தது." ஜூடி ஷெரின் பக்கம் திரும்பினார். "அப்படியென்றால் நீதான் அந்தக் குழந்தை. என் அம்மாவின் மேல் மூன்று முறை வாந்தி எடுத்திருக்கிறாய். ஒவ்வொரு முறையும் உன் பாட்டி 'சாரி, ராங் நம்பர்' என்பாள்."

ஷெரின் சிரித்தாள். சிரிப்பு பாதியில் எப்படியோ மாறிவிட்டது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் கேட்க வேண்டியதைக் கடைசியில் கேட்டேன். "இந்தப் படம் எடுத்த அன்று அம்மா என்மேல் கோபமாக இருந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாருங்கள், கையால் என்னைப் போ என்கிறாள்."

ஜூடி எழுந்து படத்தின் பக்கத்தில் போய் நின்றார். இடப்பக்கச் சட்டத்துக்கு வெளியே, வெறும் சுவரில் விரலை வைத்தார். "எங்கள் சமையலறைக் கதவு இங்கே இருந்தது. படத்தில் வரவில்லை. என் அம்மா கதவைத் திறந்து இவளைப் பார்த்து, 'யாருக்காகவாவது காத்திருக்கிறாயா?' என்று கத்தினாள். உன் அம்மா திரும்பிப் பார்த்தாள். முக்காலியோடு நின்ற உன்னைக் கையால் காட்டி, 'என் மகள். லைன் பிஸி' என்றாள். எங்கள் அம்மா இந்தக் கதையை வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் சொல்வாள். அதற்காகத்தான் இந்தப் படத்தைச் சமையலறையில் சாகும்வரை மாட்டியிருந்தாள்."

ஷெரின் அலைபேசியில் பெரிதாக்கிக் காட்டிய படத்தை மறுபடி பார்த்தேன். ஆமாம். உயர்ந்த கையில் சுட்டுவிரல் மட்டும் நீண்டிருந்தது. திரும்பிய முகம் கோபத்தில் விறைத்திருக்கவில்லை. கழுத்து முன்னால் நீண்டு, எதையோ கேட்கும் முகமாக இருந்தது. என் கண்ணுக்கு முன்னால், நான் எடுத்த படத்துக்குள்ளேயே, அம்மாவுக்கு ஒரு சிநேகிதி கிடைத்திருக்கிறாள். நானோ வெளிச்சம் போய்விடும் என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தப் படிவத்தை ஹெலன் எடுத்துவந்தார். காலியாகக் கிடந்த 'பண்ணையோடு உறவு' என்ற கட்டத்தில் ஜூடி தன் கையால் எழுதினார்: மார்த்தாவின் தோழி.

7

நூலகத்திலிருந்து ஷெரினும் நானும் நேராகப் பழைய அடுக்ககத்துக்குப் போனோம். காரை அங்கே விட்டுவிட்டு, அம்மா நடந்த வழியில் நடந்தோம். பாதி தூரத்துக்கு இப்போதும் நடைபாதை கிடையாது. புல்லும் சேறும்தான். கார்கள் உரசுவது போலப் போயின. ஷெரின் என்னைப் புல்பக்கம் தள்ளிவிட்டு அவள் சாலைப்பக்கம் நடந்தாள். பண்ணை இருந்த இடத்தில் ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக நிற்கின்றன. கொட்டகை எங்கே இருந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"ஆச்சி ஏன் உன்னிடம் சொல்லவே இல்லை?" என்று ஷெரின் கேட்டாள்.

போகாதே என்று நான் சொல்லியிருந்தேன், அதனால் என்றேன். அது முதல் ஆறு மாதத்துக்குச் சரி. பிறகு பதினெட்டு வருடம் இருந்ததே, அப்போது? ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் பேசினோம். சுகர் எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, மாத்திரை போட்டாயா என்று கேட்டேன். அமெரிக்காவில் உனக்கு எப்படியிருந்தது என்று ஊர்க்காரர்கள் கேட்டார்கள். நான் ஒருநாளும் கேட்கவில்லை. பதில் தெரியும் என்று பயந்திருந்தேன்.

மறுநாள் காலை, தூத்துக்குடியில் சாயங்காலம், தம்பியைக் கூப்பிட்டேன். பண்டிகை இல்லாத நாளில் நான் அழைத்ததும், "யாருக்கு என்னக்கா?" என்று பதறினான். எல்லாவற்றையும் சொன்னேன். படம், மார்த்தா, ஆப்பிள், லைன் பிஸி. இணைப்பு போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"சகாயம்?"

"இருக்கேன்க்கா." மூக்கை உறிஞ்சினான். "எங்கிட்டயும் சொல்லலியேக்கா. ஒரு வார்த்த சொல்லல."

"ம்."

"நான் அன்னைக்கி எல்லார் முன்னாலயும் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது."

"நீ சொன்னதுல பாதி நெசந்தான்டா."

"அந்த ஜூடி நம்பரக் குடு" என்றான்.

"எதுக்குடா?"

"பேசணும்."

"அவங்களுக்குத் தமிழ் தெரியாது. உனக்கு இங்கிலீஷ்…"

"அம்மாவுக்கு என்ன தெரிஞ்சிச்சு? நீ குடுக்கா."

ஜூடியிடம் கேட்டுவிட்டுக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து ஜூடியிடமிருந்து ஒரு செய்தி வந்தது: 'உன் தம்பி கூப்பிட்டான். நாற்பது நிமிடம் பேசினோம். பாதி எனக்குப் புரியவில்லை. உன் அம்மா பேசியதும் எங்களுக்குப் பாதிதான் புரிந்தது.'